‘இன்னுமா அந்த போன வச்சிருக்க?’

இன்னைக்கு பின்னாடி தறிச் சத்தம் கேக்காது, கவனிச்சிருப்பீங்க. சங்கரன்கோவில்ல இன்னைக்கு மாதாந்திர பராமரிப்பு மின்தடை. காலையில 9 மணிக்குப் போன கரண்ட் மதியம் 2 மணிக்கு மேலதான் வரும். எங்க தெருவுல ரெண்டு பக்கமும் விசைத்தறி. அதனால வழக்கமா நான் ராத்திரி பதினொரு மணிக்கு மேல, போர்வையைத் தலையோட மூடிக்கிட்டு ரெக்கார்ட் பண்ற ஆளு. இன்னைக்கு ஜன்னலைத் திறந்து வச்சு உக்காந்திருக்கேன். ஃபேன் இல்ல, வேர்த்து ஊத்துது. ஆனா இந்த அமைதி மாசத்துக்கு ஒரு நாள்தான் கிடைக்கும், விட மனசு வரல.

பேசப்போற விஷயம் என் கையில இருக்குற போன். இதுலதான் இப்போ ரெக்கார்டும் ஆகிட்டு இருக்கு.

போன ஆவணியில ராஜபாளையம் பக்கம் ஒரு வீட்டுக்குப் பொண்ணு பாக்கப் போனோம். காபி, கேசரி எல்லாம் முடிஞ்சு பொண்ணோட தாய்மாமா எங்கிட்ட வந்து, "மாப்ள, உங்க வாட்ஸ்அப் நம்பர் சொல்லுங்க, ஜாதகத்தை போட்டோ எடுத்து அனுப்புதேன்"னு கேட்டார். நம்பரைச் சொல்லிட்டு, வந்துச்சான்னு பாக்க பாக்கெட்ல இருந்து போனை எடுத்தேன். அவர் போனைப் பாத்தார். அப்புறம் என்னைப் பாத்தார். அப்புறம் கொஞ்ச நேரம் எங்க அப்பாவைப் பாத்தார். "மாப்பிள்ளை சாஃப்ட்வேர்ல இருக்கிறதா சொன்னாங்களே?"

திரும்பி வரும்போது கார்ல அம்மா ஆரம்பிச்சாங்க. "ஏன்ய்யா, மாசமானா சம்பளம் வருதுல்லா? இன்னுமா அந்தத் தீப்பெட்டியை வச்சிருக்க? தூக்கிப் போட்டுட்டு ஊர் உலகத்துல இருக்குற மாதிரி ஒண்ணு வாங்குனா என்ன கொறஞ்சா போயிருவ?" ஒரு வாரத்துல அந்த வீட்ல இருந்து ஜாதகம் பொருந்தலனு தகவல் வந்துச்சு. அம்மா அதை இன்னைக்கு வரைக்கும் நம்பல. பொருந்தாதது ஜாதகம் இல்ல, போன்தான்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க.

அம்மா தீப்பெட்டினு சொன்னதுல தப்பு இல்ல. என் போன் ஐபோன் எஸ்இ. முதல் எஸ்இ, 2016ல வந்தது. 4 இன்ச் திரை, எடை 113 கிராம். வெளி உடம்பு 2013ல வந்த 5எஸ் மாடலோடது. உள்ள இருக்குற ஏ9 சிப் மட்டும், அப்போ பெரிய போனா இருந்த 6எஸ்ல இருந்தது. இந்தியாவுல ஆரம்ப விலை 39,000 ரூபாய். 2018 செப்டம்பர்ல ஆப்பிள் இதை நிறுத்திட்டாங்க. இதுக்கு ஒரு சின்ன வரலாற்றுப் பெருமையும் உண்டு: இந்தியாவுல அசெம்பிள் பண்ணி வித்த முதல் ஐபோன் இதுதான். 2017ல, பெங்களூர்ல, விஸ்ட்ரான் கம்பெனி. இன்னைக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் செய்யறதை நாம சாதாரணமா பேசுறோம், ஆனா தொடக்கம் இந்தத் தீப்பெட்டி.

39,000 கொடுத்து நான் வாங்கல. 2019ல, சென்னையில வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ரிச்சி ஸ்ட்ரீட்ல 8,500 ரூபாய்க்கு ரெண்டாம் கையா வாங்கினேன். 32 ஜிபி. 2020 லாக்டவுன்ல ஊருக்கு வந்தப்போ இதுவும் கூடவே வந்துச்சு. நான் திரும்பிப் போகல, இதுவும் போகல.

ஒண்ணு சொல்லிடுறேன். நான் துறவி இல்ல. போனைக் குறைச்சா வாழ்க்கை மலரும்னு வீடியோ போடுற கூட்டத்துல நான் சேர மாட்டேன். இந்தச் சின்னத் திரையிலயும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ் பாத்திருக்கேன். கண்ணுதான் கூடுதலா வலிச்சுது. பழைய பொருள் மேல பாசமும் பெருசா கிடையாது. இது வேலைக்கு ஆகுது, அவ்வளவுதான். கீழ 3.5 எம்எம் ஓட்டை இருக்கு, சட்டைக் காலர்ல மாட்டுற வயர் மைக்கை நேரா சொருகிடலாம். நீங்க கேட்டிருக்கிற எல்லா எபிசோடும் அப்படி எடுத்ததுதான். ஒரு கையால டைப் பண்ணலாம். பைக்ல போகும்போது சட்டைப் பாக்கெட்ல இருக்கிறதே தெரியாது. சார்ஜர், கவர், கேபிள் எல்லாம் ஏற்கனவே இருக்கு. ஒரு லட்ச ரூபாய் போனுக்கு மாசாமாசம் இஎம்ஐ கட்டுற நண்பர்கள் எனக்கு உண்டு. அவங்க போன்ல எடுக்குற போட்டோ என்னோடதை விட நல்லா இருக்கும், அதை ஒத்துக்கிறேன். குறிப்பா ராத்திரி வெளிச்சத்துல. ஆடித்தபசு அன்னைக்கு நான் எடுத்த படத்துல சாமி எது, சீரியல் பல்பு எதுன்னு சொல்ல முடியாது.

இப்போ இந்த போன் எனக்குச் செஞ்ச பெரிய துரோகத்தைச் சொல்லணும். அதைச் சொல்லாம இதுக்கு வக்காலத்து வாங்கினா நியாயமா இருக்காது.

2023 ஐப்பசி. நல்ல மழை. ஒரு வேலையா திருநெல்வேலி போயிட்டு புது பஸ் ஸ்டாண்டுல சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நிக்கிறேன். மணி எட்டரை இருக்கும். போன்ல சார்ஜ் 31 சதவீதம் காட்டுது. அம்மாவுக்கு ஒரு போன் போட்டு சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லலாம்னு திரையைத் தொட்டேன். அணைஞ்சிருச்சு. திரும்ப ஆன் பண்ணினா ஆப்பிள் படம் வரும், அணையும். 31 சதவீதம் இருந்த போன்.

வீட்ல அந்த நேரத்துல அப்பாவுக்கு மூச்சுத்திணறல். முப்பது வருஷம் தறிக்கூடத்துல பஞ்சுத் தூசியைச் சுவாசிச்ச உடம்பு, மழைக்காலம் வந்தா இழுக்கும். அன்னைக்கு அதிகமாயிருச்சு. அம்மா எனக்கு போன் மேல போன் போட்டிருக்காங்க. ஸ்விட்ச் ஆஃப். கடைசியில பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஆட்டோ பிடிச்சு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போய், மருந்துப் புகை வச்சு, பதினொரு மணிக்கு வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டிருக்கார். நான் பதினொன்றரைக்கு நனைஞ்சுக்கிட்டு வந்து கதவைத் தட்டுறேன். அம்மா கதவைத் திறந்தாங்க, ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தா பரவாயில்லனு இருந்துச்சு.

ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், காலையில முதல் வேலையா புது போன். லேப்டாப்ல மாடல் எல்லாம் பாத்து வச்சுட்டேன். காலையில அப்பா திண்ணையில சாஞ்சு உக்காந்திருந்தார். குரல் இன்னும் சரியா வரல. விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "எலே, மாத்துறது இருக்கட்டும். மொதல்ல எது கெட்டுச்சுன்னு பாத்தியா?"

எனக்கு வெக்கமா போச்சு. இன்ஜினியரிங் படிச்சவன் நான். பிழை வந்தா முதல்ல எங்க வந்துச்சுன்னு தேடணும்னு தினமும் ஆபீஸ்ல ஜூனியர் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன். தறி நின்னா அப்பா தறியை மாத்த மாட்டார். நாடா மாட்டுதா, நூல் அறுந்துச்சா, பெல்ட் நழுவுதா, மோட்டார் சூடா இருக்கான்னு பாப்பார். நான் அது எதையும் பாக்காம நேரா கடைக்குக் கிளம்பிட்டேன்.

கெட்டது எதுன்னா, பேட்டரி. நாலு வருஷம் மாத்தவே இல்ல, எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் மாத்தினாரான்னும் தெரியாது. 31 சதவீதத்துல ஏன் அணையணும்னு நிறைய பேருக்குக் குழப்பம் இருக்கும், அதனால விளக்கிடுறேன். நம்ம வீட்ல போர் மோட்டார் போட்டா ஒரு நொடி லைட்டு மங்கும் இல்லையா? மோட்டார் கிளம்பும்போது அதிகமா கரண்ட் இழுக்குது, வயர்ல மின்னழுத்தம் குறையுது. லித்தியம் பேட்டரிக்கு வயசாக வயசாக அதோட உள் மின்தடை கூடும். சும்மா இருக்கும்போது மின்னழுத்தம் சரியாத்தான் இருக்கும், மீட்டர் 31னு காட்டும். திரையைத் தொட்டதும் சிப், டிஸ்ப்ளே, ரேடியோ மூணும் ஒரே நேரத்துல இழுக்கும். மழையில சிக்னல் குறைவா இருந்தா ரேடியோ இன்னும் அதிகமா இழுக்கும். மின்னழுத்தம் சடார்னு விழும். சிப்புக்குத் தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழ போனா போன் தன்னைத்தானே அணைச்சுக்கும். சார்ஜ் உள்ள இருக்கு, ஆனா வேகமா வெளிய கொடுக்க முடியல. என் அப்பா மூச்சும் அன்னைக்கு அப்படித்தான் இருந்திருக்கும்னு பின்னாடி தோணுச்சு. சரி, அதை விடுங்க.

இந்தக் கோளாறு எனக்கு மட்டும் வந்தது இல்ல. 6, 6எஸ், எஸ்இ மாடல்கள் இப்படி அணைஞ்சதாலதான் 2017 ஜனவரியில ஆப்பிள் ஐஓஎஸ் 10.2.1ல ஒரு வேலை பண்ணினாங்க. பேட்டரி பழசா இருந்தா சிப்போட உச்ச வேகத்தைக் குறைச்சுடுறது. இழுக்குற கரண்ட் குறையும், போன் அணையாது. பொறியியலா பாத்தா சரியான தீர்வுதான். ஆனா போன் வச்சிருந்தவங்களுக்கு அதைத் தெளிவா சொல்லல. அவங்களுக்குத் தெரிஞ்சது போன் ஆமையா போச்சுங்கிறது மட்டும்தான். "வயசாயிருச்சு, மாத்திடுவோம்"னு எத்தனை பேர் மாத்தியிருப்பாங்க! 2017 டிசம்பர்ல ஒரு 6எஸ்காரர் பேட்டரியை மட்டும் மாத்திப் பாத்து, வேகம் திரும்ப வந்ததை வெளிய சொன்னார். அது பெருசா வெடிச்சு, ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, அமெரிக்காவுல 79 டாலரா இருந்த பேட்டரி மாத்துற கட்டணத்தை 29 டாலரா குறைச்சாங்க. 2018 மார்ச்ல ஐஓஎஸ் 11.3ல பேட்டரி ஆரோக்கியம் காட்டுற பக்கம் வந்துச்சு. 2020ல பிரான்ஸ் அரசு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டுச்சு. அமெரிக்க வழக்குல 50 கோடி டாலர் வரைக்கும் கொடுக்க ஆப்பிள் ஒத்துக்கிட்டாங்க, தப்பு பண்ணினோம்னு மட்டும் ஒத்துக்கல.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு சர்வீஸ் கடை அண்ணாச்சிகிட்ட கொண்டு போனேன். 1,200 ரூபாய். இருபது நிமிஷம் பக்கத்துலயே நின்னு பாத்தேன். இந்த மாடல்ல கைரேகை பட்டனோட ஒயர் திரையோட ஒட்டி வரும், அவசரமா திரையைத் தூக்கினா பிஞ்சிடும், பிஞ்சா வேற பட்டன் போட்டாலும் கைரேகை வேலை செய்யாது. அண்ணாச்சி அதைத் தெரிஞ்சு மெதுவா தூக்கினார். ஒவ்வொரு திருகாணியையும் கழட்டின வரிசையிலேயே ஒரு காகிதத்துல ஒட்டி வச்சார். ஏன்னு கேட்டேன். "எல்லாம் ஒண்ணு போலத்தான் தம்பி இருக்கும். ஒரு நூல் நீளமானதை மாத்தி முறுக்கிட்டா போர்டுல ஓட்டை விழுந்துரும்"னார். நாலு வருஷம் கையில வச்சிருந்த பொருளோட உள்பக்கத்தை அன்னைக்குத்தான் பாத்தேன். பேட்டரி ரொம்பச் சின்னது. 1,624 எம்ஏஎச். இப்போ வர்ற போன்ல 5,000, 6,000னு போடுறாங்க. ஆனா இந்தத் திரைக்கு அது போதும், எனக்கு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வருது. இப்போ பையில ஒரு பவர் பேங்க்கும் வச்சிருக்கேன். அம்மாவுக்கு அது தெரியணும்னு அவங்க கண் முன்னாடியே எடுத்து வைப்பேன்.

அடுத்தது செக்யூரிட்டி. சாஃப்ட்வேர்ல இருக்கிற நண்பர்கள் எல்லாரும் கேக்குறது இதைத்தான், இது நியாயமான கேள்வியும்கூட. என் போன் ஐஓஎஸ் 15ல நின்னுருச்சு. 2022ல வந்த 16 இதுக்குக் கிடையாது. அப்போ ஓட்டை விழுந்த வீட்ல குடியிருக்கியான்னு கேக்குறாங்க.

2025 ஆகஸ்ட் 20ஆம் தேதி ஆப்பிள் புது போன்களுக்கு ஒரு அவசர அப்டேட் விட்டாங்க. படங்களைத் திறந்து காட்டுற உள் நிரல்ல ஒரு பிழை. பிரத்யேகமா செதுக்கின ஒரு படத்தை அனுப்பினா, போன் அதைப் பிரிச்சுப் பாக்கும்போதே மெமரியில எழுதக் கூடாத இடத்துல எழுத வைக்கலாம். குறிப்பிட்ட சில ஆட்களைக் குறிவச்சு இதைப் பயன்படுத்தியிருக்கலாம்னு ஆப்பிளே சொன்னாங்க. பழைய போன்களுக்கு அந்த மருந்து எப்போ வந்துச்சு தெரியுமா? செப்டம்பர் 15. ஐஓஎஸ் 15.8.5. என் போனுக்கும் வந்துச்சு. 2016ல வந்து, 2018ல நிறுத்தின போனுக்கு 2025ல பாதுகாப்பு அப்டேட். இதை நான் எங்க போனாலும் பெருமையா சொல்லிட்டு இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் உக்காந்து தேதியைக் கணக்குப் போட்டேன். 26 நாள். ஓட்டை எங்க இருக்குன்னு உலகத்துக்கே சொன்ன பிறகு 26 நாள் என் வீட்டுக் கதவு திறந்து கிடந்திருக்கு. அந்த 26 நாளும் சொந்தக்காரங்க அனுப்பின குட்மார்னிங் படம், கல்யாணப் பத்திரிகை எல்லாத்தையும் நான் திறந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். என்னைக் குறிவைக்க எவனுக்கும் அவசியம் இல்லங்கிறதுதான் அன்னைக்கு என் பாதுகாப்பு. அதோட, எல்லா ஓட்டையையும் பழைய பதிப்புல அடைக்கிறதும் இல்ல. ஏற்கனவே யாரோ பயன்படுத்திட்டாங்கனு தெரிஞ்ச பெரிய ஓட்டைகளைத்தான் இப்படித் தேடி வந்து அடைக்கிறாங்க. ஐபோன்ல இன்னொரு சிக்கல், நம்ம ஊர்ல எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ள ஓடுறது ஆப்பிளோட வெப்கிட்தான். ஆண்ட்ராய்டுல போன் பழசானாலும் குரோம் தனியா கொஞ்ச காலம் அப்டேட் ஆகும். இங்க ஐஓஎஸ் நின்னா பிரவுசரும் நின்னுரும்.

அதனால நான் வச்சிருக்கிற ஏற்பாடு இது. பேங்க் வேலை இந்த போன்ல கிடையாது, லேப்டாப்ல மட்டும். ஓடிபி எஸ்எம்எஸ்ல வரும். எங்க பேங்க்கோட ஆப் எப்பவோ "உங்கள் சாதனம் ஆதரிக்கப்படவில்லை"னு சொல்லிட்டதால இதுல எனக்குப் பெரிய தியாகமும் இல்ல. கடைக்குப் போனா காசு. பால்கார அக்கா என்னைப் பாத்தா சந்தோஷப்படுவாங்க, சில்லறை தர்ற ஒரே இளவட்டம் நான்தானாம். தெரியாத நம்பர்ல இருந்து வர்ற படம், லிங்க் எதையும் தொட மாட்டேன். பாதுகாப்பு அப்டேட் முழுசா நின்னுருச்சுன்னு தெரிஞ்சா, இதை சிம் இல்லாம ரெக்கார்டரா மட்டும் வச்சுக்குவேன். உங்க போன்ல எல்லா பேங்க்கும், எல்லா ஆவணமும் இருக்குன்னா, அப்டேட் நின்ன போனை வச்சிருங்கனு நான் சொல்லவே மாட்டேன். பேட்டரி தேஞ்சதுக்காக மாத்துறதும் பாதுகாப்பு நின்னதுக்காக மாத்துறதும் வேற வேற. முதலாவது ஆயிரம் ரூபாய் வேலை.

இப்போ கொஞ்சம் கஷ்டமான பகுதி. இவ்வளவு நேரம் கம்பெனி அது பண்ணுது இது பண்ணுதுனு பேசினேன். அந்தக் கம்பெனிக்காரன் நானும்தான்.

நான் வேலை பாக்குறது மொபைல் ஆப் எழுதுற ஒரு சின்ன டீம்ல. நாங்க செஞ்ச ஆப்ல ஒண்ணு பள்ளிக்கூடங்களுக்கானது. ஹோம்வொர்க், லீவு தகவல், ஃபீஸ் தேதி எல்லாம் பெற்றோருக்கு அதுலதான் போகும். போன வருஷம் ஒரு மீட்டிங்ல, ஐஓஎஸ் 16க்குக் கீழ இருக்கிறதை விட்டுடலாம்னு பேச்சு வந்துச்சு. காரணம் நியாயமானதுதான். திரைக்குத் திரை போறதுக்கு 16ல நல்ல வசதி வந்துச்சு, 15க்காக ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை எழுத வேண்டியிருந்துச்சு, டெஸ்ட் பண்றதும் ரெண்டு தடவை. பாதிக்கப்படுறவங்க ரெண்டு சதவீதத்துக்கும் கீழனு ஒரு படம் காட்டினாங்க. யாருக்காவது ஆட்சேபம் இருக்கான்னு கேட்டாங்க. மேஜை மேல, லேப்டாப் பக்கத்துல, என் எஸ்இ கிடக்கு. அந்த ரெண்டு சதவீதத்துல நானும் ஒருத்தன். கேமராவை ஆஃப் பண்ணி வச்சுட்டு, "எனக்கு ஓகே"னு சொன்னேன். வேலை குறையும்ல. அதுக்கான மாற்றத்தை எழுதிச் சேர்த்ததும் நான்தான். நான் எழுதுற ஆப் என் போன்லயே திறக்காது, அப்படியொரு நிலை.

இதுல உள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயம் சொல்றேன். குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்தினா பழைய போன் செத்துடாது. முன்னாடி ஒரு தடவை இறக்கியிருந்தா ஆப் ஸ்டோர்ல பழைய போனுக்கு ஏத்த கடைசிப் பதிப்பு கிடைக்கும், போன்லயே இருந்தா அப்படியே ஓடும். அதைக் கொல்றது வேற ஒண்ணு: "தயவுசெய்து அப்டேட் செய்யவும்"னு வர்ற திரை. அது சர்வர்ல ஒரு எண். அந்த எண்ணை விடக் குறைஞ்ச பதிப்பு வந்தா கதவை மூடுன்னு ஒரு வரி. அப்டேட் பண்ண வழியே இல்லாத போனுக்கும் அதே திரைதான் வரும். பழசா போனதால நின்னுருச்சுன்னு நாம நினைக்கிற நிறைய போன் நிக்கல. சென்னையிலயோ பெங்களூர்லயோ ஒருத்தன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு எண்ணை மாத்தியிருப்பான். எங்க ஆப்புக்கு அந்த ஒருத்தன் நான்.

ரெண்டு வாரம் கழிச்சு சப்போர்ட்டுக்கு ஒரு மெசேஜ். தமிழ்ல, குரல் தட்டச்சுல அடிச்சது போல, புள்ளி கமா இல்லாம. ஆப் திறக்க மாட்டேங்குது, மகளுக்கு திங்கட்கிழமை பரீட்சை, என்ன பாடம்னு தெரியல, போன் அக்கா கொடுத்த பழைய ஐபோன், வேற போன் இல்ல, என்ன செய்யணும்னு கேட்டிருந்தாங்க. எங்க டீம்ல இருந்து போன பதில் ஏற்கனவே எழுதி வச்சிருந்த வாசகம்: உங்கள் சாதனத்தைப் புதுப்பிக்கவும். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் நான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்த அம்மா கேட்டது ஒரு நாலு வரி எழுத்து. பாடத்தோட பேரு. அதைக் காட்டறதுக்கு ஐஓஎஸ் 16 எதுக்கு? மறுநாள் மேனேஜர்கிட்ட பேசினேன். மீட்டிங்ல ஏன் சொல்லலனு கேட்டார். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. கடைசியில ரெண்டு விஷயத்துக்கு ஒத்துக்கிட்டார். ஒண்ணு, அந்த எண்ணை ஆறு மாசத்துக்குப் பழையபடி இறக்கி வைக்கிறது. இன்னொண்ணு, ஹோம்வொர்க்கையும் லீவு தகவலையும் மட்டும் காட்டுற ஒரு சாதாரண வெப் பக்கம். எந்த பிரவுசர்லயும் திறக்கும், அலங்காரம் எதுவும் கிடையாது. ஒரு வாரக் கடைசியில எழுதி முடிச்சேன். ஆறு மாசம் எப்பவோ முடிஞ்சுருச்சு, எண் திரும்ப ஏறிடுச்சு. வெப் பக்கம் மட்டும் இன்னும் இருக்கு. அதைப் பாக்குறவங்கள்ல புது போன் வச்சிருக்கிறவங்களும் இருக்காங்க, சீக்கிரம் திறக்குதாம். அந்த அம்மாவுக்கு அந்தத் திங்கட்கிழமைக்குள்ள தகவல் போச்சான்னு மட்டும் எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னா, நம்ம பக்கம் பேசுவார்னு நினைச்சேன். பழைய தறியை வச்சுக் குடும்பத்தை நடத்தினவர் ஆச்சே. அவர் சிரிச்சார். "நம்ம வீட்ல எத்தனை தறி இருந்துச்சு?"னு கேட்டார். ஆறு. "இப்போ எத்தனை?" நாலு. ரெண்டை அவரே பழைய இரும்புக் கடைக்குக் கிலோ கணக்குல போட்டார், நான் ஸ்கூல் படிக்கும்போது. அதுக்குச் சாமான் கிடைக்கல. பட்டறையில சொல்லிச் செய்ய வேண்டியிருந்துச்சு. ஒரு நாள் தறி நின்னா ஒரு நாள் கூலி போச்சு. "ஓடுறவரைக்கும்தான் எல்லாம். உன் போனுக்கு சாமான் கிடைக்குதா?" கிடைக்குதுப்பான்னு சொன்னேன். "அப்போ ஓட்டு. தறி சோறு போட்டுச்சு, அதனால அதைத் துடைச்சேன். அது என்ன உனக்குச் சோறா போடுது? பொண்ணு வீட்டுக்குப் போகும்போது மட்டும் உங்க அம்மா போனை வாங்கிட்டுப் போ."

சாமான்ங்கிற வார்த்தை மனசுல நின்னுருச்சு. ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 20ல இருந்து ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கு. அங்க விக்கிற போன் மாடலை நிறுத்தின பிறகும் ஏழு வருஷத்துக்கு உதிரி பாகம் கிடைக்கணும். விற்பனை நின்னதுல இருந்து குறைஞ்சது அஞ்சு வருஷம் சாஃப்ட்வேர் அப்டேட் வரணும். பேட்டரி 800 தடவை சார்ஜ் பண்ணின பிறகும் 80 சதவீதம் கொள்ளளவு இருக்கணும். கூகுள் 2023ல பிக்சல் 8ல இருந்தும், சாம்சங் 2024ல எஸ்24ல இருந்தும் ஏழு வருஷ அப்டேட்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம நாட்டுல 2022 டிசம்பர்ல நுகர்வோர் விவகாரத் துறை ‘ரைட் டு ரிப்பேர்’னு ஒரு தளம் திறந்தாங்க, கம்பெனிகள் பழுதுபார்ப்புத் தகவலை அதுல போடலாம். போடலாம்ங்கிறது போடணும்னு மாறினா எங்க பஸ் ஸ்டாண்டு அண்ணாச்சிக்கு வேலை எளிதாகும். இப்போ அவர் திருகாணி வரிசையை யூடியூப் பாத்தும், பத்து போனைக் கெடுத்தும்தான் கத்துக்கிட்டதா சொல்றார்.

குப்பைக் கணக்கையும் வேகமா சொல்லிடுறேன். ஐ.நா. அமைப்புகள் 2024ல வெளியிட்ட அறிக்கைப்படி, 2022ல உலகம் முழுக்க சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். அதுல முறையா சேகரிச்சு மறுசுழற்சிக்குப் போனதா பதிவானது 22.3 சதவீதம். என் 113 கிராம் அதுல ஒரு பொருட்டே இல்ல. பூமியைக் காப்பாத்தத்தான் இந்த போனை வச்சிருக்கேன்னு சொன்னா நீங்களே சிரிப்பீங்க.

அடுத்த மாசம் சுரண்டை பக்கம் ஒரு வரன் பேசிட்டு இருக்காங்க. இந்தத் தடவை பொண்ணுகிட்ட தனியா அஞ்சு நிமிஷம் பேச விடுவாங்கனு தரகர் சொன்னார். போனை மேஜை மேல வெளிய எடுத்து வச்சுட்டே பேசலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. அவங்க இந்த எபிசோடைக் கேட்டா தெரிஞ்சுரும், ஆனா அவங்க கேக்குறதில்ல, என் குரல் அவங்களுக்கு வீட்லயே போதுமாம்.

ஆங்... கேட்டுச்சா? மணி இன்னும் ரெண்டு ஆகல, அதுக்குள்ள கரண்ட் விட்டுட்டாங்க. எதுத்த வீட்டுத் தறி ஓட ஆரம்பிச்சிருச்சு, இன்னும் ரெண்டு நிமிஷத்துல எங்க வீட்டுதும் ஓடும். இதுக்கு மேல பேசினா நீங்க தறியைத்தான் கேப்பீங்க. சார்ஜ் 44 சதவீதம் இருக்கு. சொருகப் போறேன். அடுத்த வாரம் பாப்போம்.